ஒளிவாள் இயலுமா? தங்கவயலிலிருந்து ஒரு மறுமொழி

'ஸ்டார் வார்ஸ்' திரைப்படம் 1977இல் வெளிவந்த நாள்முதல் இயற்பியல் ஆசிரியர்கள் எதிர்கொண்டுவரும் கேள்வி ஒன்று உண்டு: கைப்பிடியிலிருந்து நீண்டெழும் அந்த ஆற்றல் வாளை என்றேனும் செய்துவிட முடியுமா? வகுப்பறைகளில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு விடைகளே புழங்குகின்றன. அது வெறும் சினிமா என்று சிரித்து நகர்வது ஒன்று; இன்று முடியாதது நாளை முடியும் என்று தட்டிக்கொடுப்பது மற்றொன்று. முன்னது கேட்ட மாணவரைச் சிறுமைப்படுத்துகிறது. பின்னது, எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் தீராத ஒரு முரணைப் பொறியியல் தாமதம் என்று தவறாகக் காட்டுகிறது. ஒளிவாளின் சிக்கல் போதிய தொழில்நுட்பம் இன்மையன்று. வெட்டுதல் என்றால் என்ன என்பதை அக்கற்பனை பிழையாகப் புரிந்துகொண்டிருப்பதே அதன் சிக்கல். இதை விளக்க உலகில் பொருத்தமான ஊர் ஒன்று உண்டென்றால், அது கோலார் தங்கவயல்.

ஊருக்குச் செல்லுமுன் சொல்லைப் பார்த்துவிடலாம். 'ஒளிவாள்' என்பது அண்மைக்கால மொழிபெயர்ப்புச் சொல்லாகத் தோன்றினாலும், தமிழில் அது ஏறத்தாழ கூறியது கூறலே. தொல்காப்பியத்தின் உரியியல் 'வாள்' என்னும் உரிச்சொல்லுக்கு ஒளி என்றே பொருள் தருகிறது. 'வாணுதல்' என்றால் ஒளி பொருந்திய நெற்றி. தீட்டிய இரும்பின் மினுக்கமும் அதன் கூர்மையும் ஒரே ஒலிவடிவில் வந்து நிற்பதைப் பழந்தமிழர் உறுத்தலாகக் கருதவில்லை. அதே வேளையில், 'ஒளி' என்னும் வடிவமே வினையாகும்போது மறைதலைக் குறிக்கிறது. இவை ஒரே வேரினவா, வெவ்வேறா என்பது சொற்பிறப்பியலார் தீர்க்க வேண்டிய வழக்கு. எனினும் இயற்பியல் இங்கே தமிழோடு வியப்பூட்டும் வகையில் ஒத்துப்போகிறது. தூசியற்ற காற்றில் செல்லும் லேசர்க் கற்றையைப் பக்கவாட்டில் நிற்பவர் காண இயலாது. கண்ணை நோக்கி ஒளி சிதறினால் மட்டுமே அது தெரியும். ஒளி, தன் வழியில், ஒளிந்தேதான் செல்கிறது.

திரையில் காணும் வாளோ ஒளிவதில்லை. அது நீலமாகவோ சிவப்பாகவோ சுடர்கிறது. சுமார் ஒரு மீட்டர் நீண்டதும் நின்றுவிடுகிறது. எஃகுக் கதவை வெண்ணெயாக அறுக்கிறது. ஆனால் இன்னொரு ஒளிவாள் குறுக்கே வந்தால் மோதித் தடைப்படுகிறது. பிடித்திருப்பவரின் புருவத்தைக்கூடப் பொசுக்குவதில்லை. இந்த ஐந்தையும் ஒன்றாகக் கேட்பதுதான் கோளாறு.

ஒளி நிற்க வேண்டுமானால் அதை நிறுத்தும் பொருள் ஒன்று எதிரே இருந்தாக வேண்டும்; வெறுங்காற்றில் ஒரு மீட்டர்த் தொலைவில் ஒளி தானாக முடிவதில்லை. இரண்டு டார்ச் விளக்குகளின் கற்றைகளைக் குறுக்கே செலுத்திப் பார்க்கும் எந்தக் குழந்தைக்கும் அவை மோதுவதில்லை என்பது தெரியும். ஒளித்துகள் ஒளித்துகளைச் சிதறடிப்பது முற்றிலும் நடவாத ஒன்றன்று. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் ஈய அயனிகளை ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் ஒன்றையொன்று உரசிச் செல்லவிட்ட அட்லஸ் குழுவினர் அதற்கான சான்றை 2017இல் வெளியிட்டனர். அவ்வளவு பெரிய எந்திரத்தில், கோடிக்கணக்கான நிகழ்வுகளுக்கிடையே, விரல்விட்டு எண்ணத்தக்க சில சிதறல்கள். 2013இல் ஹார்வர்டையும் எம்.ஐ.டி.யையும் சேர்ந்த ஆய்வாளர்கள், தனிச்சுழி வெப்பநிலைக்கு அருகே குளிர்விக்கப்பட்ட ருபீடிய அணுமேகத்தினுள் இரண்டு ஒளித்துகள்கள் பிணைந்து செல்வதைக் காட்டியபோது, ஒளிவாள் வந்துவிட்டது என்று உலகெங்கும் செய்தித் தலைப்புகள் எழுந்தன. அங்கே ஒளித்துகள்களைப் பிணைத்தவை அணுக்கள் என்பது தலைப்பில் இடம்பெறவில்லை. அணுமேகத்தை விட்டு வெளியேறினால் அப்பிணைப்பும் இல்லை.

இங்கேதான் தங்கவயல் வருகிறது. சேலம், ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ், தெலுங்குத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உள்ளே இறங்கிய அச்சுரங்கங்கள், பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டும் ஆழம்வரை சென்றவை. 1951இல் ஹோமி பாபாவின் தூண்டுதலால் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் பி. வி. ஸ்ரீகண்டன் அங்கு வந்தார். அவர் நோக்கம் தங்கமன்று. வானிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களின் விளைவாக உருவாகும் மியூவான் என்னும் துகள், பாறையை எவ்வளவு ஆழம்வரை ஊடுருவுகிறது என்று அளப்பதே அவர் பணி. மேலிருக்கும் பாறை ஒரு பெரும் வடிகட்டி. ஆழம் கூடக்கூட மியூவான்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. 1960களின் தொடக்கத்தில் மிக ஆழமான தளத்தில் வைக்கப்பட்ட கருவி ஏறத்தாழ இரண்டு மாதங்கள் காத்திருந்தும் ஒன்றும் பதிவாகவில்லை.

வேறெங்கும் தோல்வி என்று எழுதப்பட்டிருக்கக்கூடிய அந்த வெறுமையே அடுத்த சோதனைக்கு அடித்தளமாயிற்று. மியூவானே எட்டாத அமைதியில் ஏதேனும் ஒரு துகள்தடம் தோன்றினால், அது பாறையையே பொருட்படுத்தாத நியூட்ரினோவால் விளைந்ததாகவே இருக்க முடியும். எம். ஜி. கே. மேனன் முதலிய இந்திய ஆய்வாளர்களும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவினர். தலைக்குமேல் 2.3 கிலோமீட்டர்ப் பாறை என்றால், பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்ப் பாறை. எனவே கிடைமட்டமாக வரும் தடம் எதுவும் வானிலிருந்து நேராக வந்த மியூவானுடையதாக இருக்க இயலாது. வழியில் எங்கோ ஒரு நியூட்ரினோ பாறையணு ஒன்றில் மோதி ஈன்ற மியூவானுடையதாகவே அது இருக்கும். 1965இல் அத்தகைய தடங்கள் கிடைத்தன. வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்த அக்கட்டுரை அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் வெளியாயிற்று. தென்னாப்பிரிக்காவில் ஃபிரெடரிக் ரெய்ன்ஸ் குழுவினரின் கட்டுரை இரண்டு வாரம் பிந்தி வந்தது. (அவர்களும் ஒரு தங்கச் சுரங்கத்தினுள்தான் இருந்தனர். மனிதனின் பொன்னாசைக்கு இயற்பியல் பட்டிருக்கும் கடன் தனியே எழுதத்தக்கது.)

ஒளிவாளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஊடுருவலையே வலிமை என்று கொண்டால், நியூட்ரினோவைவிட வலிய ஆயுதம் இல்லை. சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நொடிக்கு 6,000 கோடிக்கும் மேற்பட்ட நியூட்ரினோக்கள் பாய்கின்றன. அவை சுமக்கும் ஆற்றலும் அற்பமன்று. ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 30 வாட். வீட்டு விளக்கு சிலவற்றை எரிக்கப் போதுமான ஆற்றல், பகலில் மேலிருந்தும் இரவில் பூமியைத் துளைத்துக் கீழிருந்தும் எல்லா உடல்களின் வழியாகவும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவருக்கும் ஒரு கொப்புளமும் எழுந்ததில்லை. எல்லாவற்றையும் கடந்து செல்வது எதையும் வெட்டுவதில்லை. வெட்ட வேண்டுமானால் கருவி தன் ஆற்றலை எதிர்ப்படும் பொருளிடம் கொடுத்தாக வேண்டும். கொடுத்த அளவுக்கு அது தளர்ந்தாக வேண்டும். எஃகைத் தடையின்றிக் கடக்கிற ஒன்று எஃகை அறுக்காது. எஃகை அறுக்கிற ஒன்று எஃகில் தடைப்படும். திரைப்பட வாள் இவ்விரண்டையும் ஒருசேரக் கேட்கிறது. இதுதான் முரண். எந்த நூற்றாண்டிலும் கண்டுபிடிப்பால் தீர்க்கப்படக் கூடியதன்று.

ஒளியைக் கைவிட்டுப் பிளாஸ்மாவைப் பற்றிக்கொள்வோர் உண்டு. அயனியாக்கப்பட்ட வளிமம் சுடரும், சுடும், காந்தப்புலத்துக்குக் கட்டுப்படும் என்பது உண்மையே. காந்திநகரின் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தில் 1989 முதல் இயங்கிவரும் ஆதித்யா டோக்கமாக், பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் சிறைப்பிடிக்கும் எந்திரமே. ஆனால் அங்குள்ள பிளாஸ்மா, சுற்றுப்புறக் காற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியது. வெற்றிடக் கலத்தினுள் இருப்பது. கலத்தைச் சூழ்ந்து கம்பிச்சுருள்கள் நிற்பதால் அடங்கியிருப்பது. ஒளிவாளில் கம்பிச்சுருள் எங்கே இருக்கும்? கைப்பிடியில் மட்டும் என்றால், புலம் நுனிக்கு எட்டுமுன் தேய்ந்துவிடும். மேலும் இரண்டு பிளாஸ்மாத் தண்டுகள் மோதினால் வாள்போல் ஒலிக்க மாட்டா. இரண்டு அடுப்புச் சுவாலைகள் கலப்பதுபோல் கலக்கும். உள்ளே திடமான தண்டு ஒன்றை வைத்தால் மோதும். அப்போது அது சூடேறிய இரும்புக்கம்பி. அதற்குத் திரைப்படம் தேவையில்லை, கொல்லனின் உலைக்களம் போதும்.

பிடித்திருப்பவரின் நிலையையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்று சென்டிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உடைய தண்டு 3,000 கெல்வின் வெப்பநிலையில் கரும்பொருளாகக் கதிர்வீசுகிறது என்று கொண்டால், வெளியேறும் ஆற்றல் சுமார் 430 கிலோவாட். அரை மீட்டர் தள்ளி நிற்கும் முகத்தில் விழுவது நண்பகல் வெயிலைப்போல் நூறு மடங்குக்கும் மேல். வாளை உயர்த்திய கணமே வீரர் பகைவரை மறந்துவிடுவார். யூடியூப் கலைஞர்கள் சிலர் எரிவளிமச் சுவாலையைக் கைப்பிடியிலிருந்து நீட்டிக் காட்டியிருக்கிறார்கள். கனடாவின் ஹேக்ஸ்மித் குழுவினர் 2020இல் செய்தது அவ்வகையில் நேர்த்தியானதே. முதுகுச்சுமையாக உருளைகளும் குழாய்களும் வந்தன என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தக் குழாய் வெறும் இடைஞ்சலன்று. விவாதத்தின் மையமே அதுதான். ஐந்து சென்டிமீட்டர்த் தடிமனுள்ள எஃகுக் கதவில், ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்குப் பிளவு உண்டாக்குவதாக வைத்துக்கொள்வோம். உருக வேண்டிய எஃகு ஏறக்குறைய நான்கு கிலோகிராம். தேவையான ஆற்றல் சுமார் 50 லட்சம் ஜூல். இது பெரிய தொகையன்று. மின்சார ஸ்கூட்டரின் மின்கலம் இதைவிட அதிகம் சுமக்கும். ஆனால் திரையில் நடப்பதுபோல் ஐந்து நொடியில் அறுக்க வேண்டுமானால் நொடிக்குப் பத்து லட்சம் ஜூல், அதாவது ஒரு மெகாவாட். ஏறத்தாழ 1,340 குதிரைத்திறன்.

அந்த எண்ணின் பருமனைத் தங்கவயலின் வரலாறே உணர்த்தும். சுரங்கத்தின் ஏற்ற இறக்க எந்திரங்களையும் தாதுவை இடிக்கும் உலக்கைகளையும் ஓட்ட, திவான் கே. சேஷாத்ரி ஐயரின் ஆட்சிக்காலத்தில் காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்நிலையம் திட்டமிடப்பட்டது. 1902 ஜூனில் அங்கிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. கம்பியின் நீளம் 92 மைல், சுமார் 147 கிலோமீட்டர். அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களில் ஒன்று. தொடக்கத்தில் அவ்வழியே தங்கவயல் பெற்றது சுமார் 4,000 குதிரைத்திறன். அதாவது, மூன்றே மூன்று ஒளிவாள்கள் ஒருசேர எஃகில் இறங்கினால், ஓர் ஆறு விழுந்து ஒரு நகரத்துக்கு அனுப்பிய திறன் முழுவதும் தீர்ந்துபோகும். கற்பனைக் கதைகள் ஆற்றலை ஒரு பொருள்போலக் கைப்பிடிக்குள் அடைத்துவிடுகின்றன. தங்கவயலில் ஆற்றல் என்பது அருவி, சுழலி, மின்மாற்றி, கம்பம், கம்பி, அவற்றைக் காவல் காத்த ஆட்கள் என்று நூற்று நாற்பத்தேழு கிலோமீட்டருக்கு நீண்டு கிடந்தது. வாளுக்கு வால் இருந்தே தீரும்.

வாலோடு கூடிய ஆற்றல் வாள் இருக்கிறதா என்றால், இருக்கிறது; நெடுங்காலமாகவே இருக்கிறது. அதன் பெயர் கேஸ் கட்டிங். 1964இல் தொடங்கப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் தங்கவயல் ஆலையில் புல்டோசர்களும் அகழ்பொறிகளும் உருவாகின்றன. கனத்த எஃகுத் தகட்டை அறுக்காமல் அவற்றுள் ஒன்றும் உருப்பெறாது. ஆக்சிஜன்–அசிட்டிலின் சுவாலையின் வெப்பம் 3,000 பாகை செல்சியஸுக்கு மேல். ஆயினும் எஃகை அறுப்பது அச்சுவாலையன்று என்பது பட்டதாரிகள் பலருக்கும் தெரியாத செய்தி. சுவாலை எஃகை ஏறத்தாழ 900 பாகைக்குச் சூடேற்றுகிறது, அவ்வளவே. பின்னர் டார்ச்சின் நெம்புகோலை அழுத்தியதும் நடுத்துளையிலிருந்து தூய ஆக்சிஜன் பீறிட்டு வர, சூடேறிய இரும்பு தானே எரியத் தொடங்குகிறது. அந்த எரிதலின் வெப்பமே அடுத்த அடுக்கைச் சூடாக்க, உருகிய கசடு ஊதித் தள்ளப்படுகிறது. அறுபடும் பொருளே எரிபொருளாகிறது. மேலே கணக்கிட்ட மெகாவாட்டை வெல்டர் தம் கையில் சுமக்க வேண்டியதில்லை. பெரும்பங்கை இரும்பே தந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கருவி இரும்பிடம் வெல்கிறது. அலுமினியத்திடமும் துருப்பிடிக்காத எஃகிடமும் தோற்கிறது. அவை அவ்வாறு எரிவதில்லை.

அவற்றுக்குப் பிளாஸ்மா கட்டிங் உண்டு. நுண்துளை வழியே நெருக்கப்படும் மின்வில், காற்றை 20,000 பாகைக்கு மேல் சூடாக்கிச் சுடர்நாவாகத் தள்ளுகிறது. நிறமும் ஒலியும் திரைப்பட வாளுக்கு மிக நெருங்கியவை. ஆனால் ஒரு நிபந்தனை: அறுபட வேண்டிய தகட்டில் முதலில் எர்த் கிளாம்பைக் கவ்வவிட வேண்டும். மின்சுற்று நிறைவுற்றால்தான் வெட்டும் வில் நிலைக்கும். போர்க்களத்தில் பகைவரிடம், 'ஐயா, இதைச் சற்று மாட்டிக்கொள்ளுங்கள்' என்று கேட்க வேண்டியிருக்கும். சிரிப்புக்குரியதாகத் தோன்றினும் நியூட்ரினோ கற்பித்த பாடமும் இதுவே: வெட்டு என்பது கருவியிடம் மட்டும் இருப்பதன்று, கருவியும் பொருளும் ஒரே சுற்றில் இணைவதால் நிகழ்வது.

2025 ஏப்ரலில் கர்னூலில் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் 30 கிலோவாட் லேசர் ஆயுதத்தால் ஆளில்லா வானூர்தியை வீழ்த்திக் காட்டியபோது, ஒளிவாளின் பெயர் மறுபடியும் சமூக ஊடகங்களில் அடிபட்டது. அது குறிப்பிடத்தக்க சாதனைதான். ஆனால் அதை வாள் என்பது வகைப்பிழை. கையை விட்டு நீங்கித் தொலைவில் தைப்பது அம்பு. கைவிடாமல் பிடித்து வெட்டுவது வாள். லேசர், முடிவற்று நீளும் அம்பு. நொடிக்கு 30,000 ஜூல் மட்டுமே தருவதால், மெல்லிய இறக்கையில் ஒரே புள்ளியைச் சற்று நேரம் பற்றியிருக்க வேண்டிய அம்பு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் காளி எலெக்ட்ரான் முடுக்கியைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் உலவிவரும் இரகசிய ஆயுதக் கதைகளை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. பெயர் காளி என்றதும் கைகளில் ஆயுதங்களைக் கண்டுவிடுவது மொழியின் குற்றம், இயற்பியலின் குற்றமன்று.

இத்தனையும் கூறிய பின்னும், ஒளிவாள் பற்றிய கேள்வியைக் கேட்கும் மாணவர் தவறானவர் அல்லர். தவறு அந்தக் கேள்வி எங்கே சென்று முட்டி நிற்கிறது என்பதில் இருக்கிறது. தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு முன்னரே, புரோட்டான் சிதைவைத் தேடிய கடைசிச் சோதனையும் முடிவுக்கு வந்திருந்தது. இன்று அந்தத் தளங்களில் நீர் நிறைந்துள்ளது. வேலைக்காக ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று திரும்புகிறார்கள். ஊரின் சுருக்கப்பெயரைத் தேடினால் முதலில் வருவது 2018இல் வெளியான திரைப்படம். அதன் அரங்குகள் எழுப்பப்பட்டதும் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் மீதுதான். திரைப்படத்தைக் குறைசொல்வதில் பொருளில்லை. 1965இன் கட்டுரையை இந்தியப் பல்கலைக்கழகங்களின் இயற்பியல் பாடத்திட்டங்கள் எவ்வளவு தூரம் மாணவரிடம் கொண்டு சேர்த்தன என்பதே கேட்கப்பட வேண்டியது. அக்கட்டுரையில் அறிஞர்களின் பெயர்கள் உள்ளன. அவர்களையும் கருவிகளையும் கூண்டில் ஏற்றி 2.3 கிலோமீட்டர் கீழே இறக்கி, வெந்து கிடந்த பாறையைக் குடைந்து அறை அமைத்துத் தந்த கைகளின் பெயர்கள் இல்லை. அக்கைகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஐ.டி.ஐ.யில் வெல்டிங் பயில்கிறார்கள், அல்லது கல்லூரியில் ஒளிவாளைப் பற்றிக் கேட்டுச் சிரிப்புக்கு ஆளாகிறார்கள்.

மொழித்துறையாகட்டும், இயற்பியல் துறையாகட்டும், இக்கேள்வி வகுப்பில் எழும்போது செய்யத்தக்கது ஒன்று உண்டு. விடையை ஒத்திவைத்துவிட்டு, மாணவரை அருகிலுள்ள பட்டறை ஒன்றுக்கு அழைத்துச் செல்லலாம். தகட்டின் தடிமன் என்ன, ஒரு மீட்டர் அறுக்க எத்தனை நிமிடம், எத்தனை ஆக்சிஜன், கசடு எந்தப் பக்கம் விழுகிறது என்று குறித்துவரச் சொல்லலாம். அவர் கொண்டுவரும் எண்களிலிருந்து திரைப்பட வாளின் திறனைக் கரும்பலகையில் கணக்கிடலாம். பட்டறைக்குள் நுழைந்ததும் வெல்டர் முதலில் செய்வது, கறுப்புக் கண்ணாடி ஒன்றை அவர் கையில் கொடுப்பதாகவே இருக்கும்.